துணை இருக்கை

ஆதவ் ஊரைக் கொளுத்தியபோது, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் கை வெந்தது.

தோலில் ஒன்றும் இருக்காது. கொப்புளம், சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் வெந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னங்கையைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். சத்தம் போடக் கூடாது. வாடிக்கையாளரின் ஆட்டம் கெட்டுவிடும்.

ஆதவ் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"வேற என்ன எரியும் இந்த ஊர்ல?" என்று என்னிடம் கேட்டான்.

நான் அந்த மேசையின் நடத்துநர். பெயர் செல்லக்கிளி. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னையில் நடத்துநர் வேலை என்று சொன்னபோது, சாத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் எல்லோரும் பஸ் கண்டக்டர் என்றே நினைத்தார்கள். அப்பா இன்றைக்கும் எந்த ரூட் என்று கேட்கிறார். நானும் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த முதல் ஆள் நாளெல்லாம் ஏசியில் உட்கார்ந்து பணக்காரர்களுக்குக் கதை சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

வேலை அதுதான். ஒரு வட்ட மேசை, கொஞ்சம் பகடைகள். திரை கிடையாது. காடு, கோட்டை, பூதம், அரசி என்று நான் ஓர் உலகத்தைச் சொல்வேன். ஆட வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். மிச்சப்பேர் எல்லோராகவும், கடைக்காரன், காவலாளி, எதிரி என்று, நானே பேசுவேன். ஆட்டம் பழையது. பெருங்குடியில் இருக்கும் எங்கள் ஆட்டக்கூடம் அதில் சேர்த்தது பட்டையை மட்டும்தான். பிடரியில் ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறப் பட்டை. நான் மழை என்று சொன்னால் உங்களுக்குக் குளிரும். வாள் வெட்டியது என்றால் வெட்டும்.

ஆரம்பத்தில் அவரவர் வலியை அவரவர்தான் பட்டார்கள். அப்புறம் பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். காற்று வேண்டும், விருந்து வேண்டும், ஜெயித்த சந்தோஷம் வேண்டும், அடி மட்டும் வேண்டாம் என்றார்கள். துணை இருக்கை அப்படித்தான் வந்தது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி. அதில் இன்னொரு பட்டையோடு ஒருவர். உங்கள் பாத்திரத்துக்கு விழும் அடி அவருக்குப் போய்விடும். நிர்வாகம் அவர்களைத் 'துணை' என்கிறது. நாங்கள் தாங்கி என்போம்.

"ஆதவ், அந்த ஊர்க்காரங்கதான் போன வாரம் நமக்குச் சோறு போட்டாங்க" என்றாள் ஷெரின். மேசையில் இருந்த இன்னொரு ஆட்டக்காரி அவள்தான். வில்லாளி ஒருத்தியை ஆடுகிறாள். துணை வைத்துக்கொள்ளாமல் தன் அடியைத் தானே வாங்குகிறவள். மூன்றாவது நாற்காலியில் யாரும் நிலைப்பதில்லை. அடுத்தவர் பாத்திரத்தின் பொருளைத் திருடுவது, தூங்கும்போது மலையிலிருந்து உருட்டிவிடுவது என்று ஆதவ் விரட்டிவிடுவான்.

"கதையிலதானே போட்டாங்க, ஷெரின்? எனக்குப் பசிக்கவா செஞ்சுது?" அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "தீ நல்லா இருந்துச்சு. குளிர்காலத்துல அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி இதமா. கிளி மேடம், சூப்பரா சொன்னீங்க."

அவனுக்கு இதம். எரிந்த கூரை சரிந்து அவனுடைய பாத்திரமான ருத்ரகேதுவின் கைமேல் விழுந்ததே, அது இசக்கிக்கு.

என் சிக்கல் என்னவென்று இப்போது புரிந்திருக்கும். இந்த ஆட்டத்தில் நடத்துநருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் விளைவு. அட்டூழியம் பண்ணுகிறவனுக்குக் கதைக்குள்ளேயே பதில் கிடைக்க வேண்டும். திருடினால் கை போகும், கொன்றால் உறவுக்காரன் கத்தியோடு வருவான். ஆனால் ருத்ரகேதுவுக்கு நான் எந்தத் தண்டனை கொடுத்தாலும் அது இசக்கியின் உடம்பில்தான் விழும். அதனால் மாதக்கணக்கில் நான் கொடுக்கவே இல்லை. கொடுக்காததால் ஆதவுக்குத் துணிச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர்கள் பொருள் கொடுக்க மறுத்தார்கள்; கடையை உடைத்தான். ஊர்கள் கதவைச் சாத்தின, கொளுத்தினான்.

மதியச் சாப்பாட்டுக்கு மேசையை நிறுத்தினேன்.

இசக்கி பின்பக்கப் படியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீரவநல்லூர்க்காரன். கரண்டியால் சோறு தின்கிற ஜாதி இல்லை நாங்கள் இரண்டு பேரும்.

"கைக்கு என்னலே?"

"ஒண்ணுமில்லக்கா."

அவன் கையைப் பிடித்து மோதிர விரலின் நுனியில் நகத்தால் அழுத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் ஒரு துடிப்பு இல்லை.

"எப்பருந்து?"

"பனிமலைல அவரு கால் சறுக்கி விழுந்தாருல்லா, அதுலருந்து. முதல்ல சாயங்காலம் சரியாயிரும். இப்பம் சரியாவல. இது ரெண்டுந்தான். மத்த விரலு நல்லாருக்கு."

அவன் நர்சிங் கடைசி வருஷம். சனி ஞாயிறு மட்டும் இங்கே. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. நோயாளியின் கையைப் பிடித்து, விரலால் தடவி நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நரம்பு எல்லோருக்கும் இருக்காது, விரல்தான் கண்.

"இப்படியே வீட்டுக்குப் போ."

"போனா நாளைலருந்து வர வேண்டாம்பாங்க. ஆதவ் சார் என்னையத்தான் கேட்டு வாங்குதாரு. சத்தம் போடாத பையனாம்." கரண்டியைக் கழுவினான். "மத்தியானம் பெரிசா ஒண்ணும் இருக்காதுல்லாக்கா?"

"இருக்காது" என்றேன்.

மேலாளர் ஃபெலிக்ஸ் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. மூன்று பிள்ளைகள், ஒரு பைபாஸ். அந்தப் பயத்திலேயே வாழ்கிறவர்.

"ஆதவ் சாரை மேசைலருந்து எடுங்க சார்."

"அவங்க அப்பா கட்டின கட்டடம்மா இது. தொந்தரவு பண்ற ஆட்டக்காரரை எப்படிக் கையாளணும்னு உனக்குப் பயிற்சியே குடுத்திருக்கோமே. தனியாக் கூப்பிட்டுப் பேசு."

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"உன் பேர் கிளிதானே, சொன்னதைச் சொல்லுன்னாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். "சரி, கதைக்குள்ள வச்சுக் குடு. செஞ்சதுக்குப் பாத்திரம் அனுபவிக்கட்டும்."

"பாத்திரம் அனுபவிக்கல சார். இசக்கி அனுபவிக்கிறான். விரல் மரத்துப் போச்சு. ஆதவ் சார் உண்மை அளவை உச்சத்துல வச்சிருக்காரு. ரெண்டு பட்டைக்கும் அந்தத் திருகு ஒண்ணுதானே இருக்கு? விருந்து ருசிக்கணும்னு அவர் ஏத்தினா, இவனுக்கு வெட்டும் ஏறுது. இன்னைக்கு ஒருநாள் இவனை மாத்துங்க."

"மாத்தலாம். அங்க வேற ஒருத்தன் உக்காருவான். அதுவும் கைதானே, செல்லா?"

அவர் சொன்னது சரி. சரியானதைத் தப்பான காரணத்துக்காகச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் தனி.

மதியம் விசாரணை. எரிந்த ஊரில் பிழைத்தவர்கள் ருத்ரகேதுவை ஆற்றங்கரையில் வளைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி, ஓடக்காரி நீலி. நீலியாக நான் பேசினேன்.

"எங்க வீட்டைக் கொளுத்தினவன் நீதானே? இந்த ஆத்தைத் தாண்டிப் போயிடு. திரும்பி வராதே. உன் பேரை இந்தக் கரையில எவளும் பிள்ளைக்கு வைக்க மாட்டா."

வலியே இல்லாத தண்டனை. யோசித்து யோசித்து வைத்திருந்தேன். ஆதவ் கொட்டாவி விட்டான்.

"நாடு கடத்தலா? போரு. மதுரை மேசையில ஒரு தீர்ப்பு இருக்கு, படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். குற்றவாளி தீச்சட்டி கேக்கலாம். வெறுங்கையில ஏந்தி ஊரைச் சுத்தி வந்து கீழ போடாம இருந்தா, குத்தம் கழுவிடும். ஒரு மேசைத் தீர்ப்பு எல்லா மேசைக்கும் பொதுதானே? உலகம் ஒண்ணுதானே?"

பொதுதான். நாடு முழுக்க எல்லாக் கூடங்களும் ஒரே உலகத்தைத்தான் ஆடுகின்றன. எங்கள் மேசைக்குள் இருக்கும் இயந்திரம் அதைக் காவல் காக்கிறது. நாங்கள் அதையும் 'மேசை' என்றே கூப்பிடுவோம்.

"ஆதவ், வேணாம்" என்றாள் ஷெரின். அவள் கண் அவனைத் தாண்டி இசக்கிமேல் இருந்தது.

"ஏன் வேணாம்? வலி தெரிஞ்சவன்தான் சட்டியைப் போடுவான். எனக்குத்தான் தெரியாதே. இதைவிட ஈஸியா எவன் ஜெயிப்பான்?" பகடையை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினான். "ருத்ரகேது தீச்சட்டி எடுக்கிறான்."

பகடை கையில் இருக்கும்போது சொன்ன சொல் நின்றுவிடும். எங்கள் ஆட்டத்தில் முதல் வழக்கம் அது. சும்மா சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்பதெல்லாம் செல்லாது. பின்னால் இசக்கி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டான். இரண்டு உள்ளங்கை, பத்து விரல், ஊரைச் சுற்றி. திங்கட்கிழமை அவன் எந்த விரலால் தேடுவான்?

எனக்கு நேரம் வேண்டியிருந்தது. நீலியைப் பேசவிட்டேன்.

"எங்க ஊர்ல சட்டியைச் சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டோம். சத்தியம் பண்ணு. தீ வச்சது இந்தக் கை, சுட்டா என்னைச் சுடட்டும்னு சொல்லு."

நான் வலை விரித்தேன் என்று பிறகு ஃபெலிக்ஸ் சொன்னார். இல்லை. நான் ஒரு சத்தியம்தான் கேட்டேன். ஒரு பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தால் முடிந்தது. அந்தப் பொய்யைச் சொல்லக்கூட முடியாத அளவுக்கு அவனுக்குத் திமிர்.

"என்னையா? என்னை எப்படிம்மா சுடும்?" ஆதவ் சிரித்தான். பகடை விரல்களுக்கு நடுவே உருண்டுகொண்டிருந்தது. கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினான். "இந்தக் கை அவன் கை. உடம்பே அவனுதுதான். வச்சுக்கட்டும். சுடுதா இல்லையான்னு அவனைக் கேட்டுக்கோ."

நான் சிரிக்கவில்லை. ஷெரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவளுடைய வில்லாளியை முன்பு ஆடியது அவள் தம்பி. ஜெர்மனிக்குப் போகும்போது பகடையைக் கையில் வைத்துக்கொண்டு "இனிமே இவ உன்னுது, வச்சுக்கோ" என்றான். அவ்வளவுதான் கைமாற்று. கையெழுத்து, கட்டணம் எதுவும் இல்லை.

மேசையின் விளிம்பில் விளக்கு மஞ்சளாக மாறியது.

"கைமாற்று பதிவாகிறது" என்றது மேசை. அதற்கு எப்போதும் ஒரே குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. "ருத்ரகேது, துணை இருக்கைக்கு. துணை இருக்கைக்கு இதுவரை கைமாற்று நடந்ததில்லை. நடத்துநர் தீர்ப்பு தேவை."

"ஏய், ஜோக்கு அடிச்சேன்!" ஆதவ் பகடையைக் கீழே போட்டான். போட்டு என்ன? "கிளி, கேன்சல் பண்ணு."

எட்டு மாதம் இசக்கியை அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கதை சொன்னவள் நான்தான். வாள் வெட்டியது என்று ரசித்து ரசித்து, உவமை போட்டுச் சொன்ன வாய் இது. இப்போது அந்த வாயைத்தான் மேசை கேட்டது.

"செல்லும்" என்றேன்.

"காரணம்?"

"அடி யாருக்கோ, பாத்திரம் அவருக்கு."

"பெறுபவர் ஏற்கிறாரா?"

இசக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டியளாக்கா?" என்றான்.

"இல்ல. இப்பக் கேக்கிறேன்."

"வேலை போயிரும்லா?"

"போயிரும்."

"உங்களுக்கு?"

"எனக்கு முதல்ல போயிரும்."

"டேய்," ஆதவ் நாற்காலியைத் திருப்பினான். முதன்முதலாகத் திரும்பினான். "மாட்டேன்னு சொல்லு. உனக்கு என்ன வேணும்னாலும் தர்றேன். வேற நல்ல வேலை போட்டுத் தர்றேன்."

இசக்கி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். இத்தனை மாதம் அவன் பார்த்ததெல்லாம் அந்தப் பிடரியைத்தான்.

"ஏத்துக்கிடுதேன்" என்றான்.

விளக்கு பச்சையானது. இசக்கி திடுக்கிட்டுத் தலையை ஒருபக்கம் சாய்த்தான். கண் விரிந்தது.

"அக்கா, காத்து அடிக்கி."

"ஆத்தங்கரைடா. அடிக்கும்."

"எப்பவுமே அடிக்குமா?"

"எப்பவுமே."

"வாசம்கூட வருதுக்கா. ஈர மண்ணு." எட்டு மாதம் அந்த உலகத்தில் வாழ்ந்தவன். அவனுக்கு அங்கிருந்து வந்ததெல்லாம் வெட்டும் கடியும் சூடும் மட்டும்தான். காற்று இருப்பதாக நான் சொல்வது அவன் காதில் விழுந்திருக்கும். மேலே பட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான் ஆதவ். "எல்லாம் நின்னுடுச்சு." பிறகு அவனுக்கே உறைத்தது. இணைப்பில் இரண்டு பட்டை. ஒன்று உரியவருக்கு, மற்றது துணைக்கு. உரியவர் மாறினால் துணையும் மாறும். அவன் கை பிடரிக்குப் போனது.

"கழட்டுங்க சார்" என்றேன். "துணை எப்ப வேணும்னாலும் கழட்டலாம். விதியிலயே இருக்கு. கழட்டினா ருத்ரகேது மேல உங்களுக்கு இருக்கிற கடைசி இழையும் அறுந்துடும், அவ்வளவுதான்."

"அவன் எட்டு மாசமாக் கழட்டல, ஆதவ்" என்றாள் ஷெரின். குத்துவதற்கென்றே இதமாகச் சொன்னாள்.

அவன் கழற்றவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கழுத்தில் வியர்வை இறங்கியது. சத்தியம் முடியாததால் நீலி இன்னும் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்; வாங்குவதா வேண்டாமா என்பது இனிப் புது உரியவரின் சொல். சட்டியில் தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ருத்ரகேது சட்டியை வாங்கினால் வேகப்போவது யார் கை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அது வேண்டும் போலிருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டு இதமாக இருக்கிறது என்றானே, அந்தக் கை வேகட்டும் என்றுதான் நினைத்தேன். அதை எப்படிச் சொல்வது என்று உவமைகூட வாயில் வந்துவிட்டது.

இசக்கி பகடையை எடுத்தான். மரத்துப்போன விரல்களில் அது வழுக்கியது. மற்ற விரல்களால் பிடித்துக்கொண்டான்.

"ருத்ரகேது சட்டியை வாங்கல" என்றான். "நான்தான் கொளுத்தினேம்னு சொல்லுதான். கூரையெல்லாம் மேஞ்சு குடுக்குத வரைக்கும் ஊரை விட்டுப் போவமாட்டேம்னு சொல்லுதான்."

"பைத்தியமாடா நீ?" ஆதவ் எழுந்துவிட்டான். குரலில் நிம்மதியும் ஆத்திரமும் சேர்ந்து கிடந்தன. "மூணு வருஷம் வளத்த பாத்திரம்! கருநாகத்தைக் கொன்னவன்டா அவன். அவனைக் கூரை மேய அனுப்புறியா?"

"கருநாகம் கடிச்சது எனக்குத் தெரியும் சார்" என்றான் இசக்கி. தோளைத் தொட்டுக் காட்டினான். "இந்தா, இந்த எடம்."

ஆதவ் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் ஃபெலிக்ஸ் வந்தார். ஓடிவந்திருக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தீர்ப்பை வாபஸ் வாங்கு."

"முடியாது சார்."

"முடியும். மேசை கலையறதுக்குள்ள குடுத்த நடத்துநர் வாபஸ் வாங்கலாம். கலைஞ்சுட்டா யாராலயும் முடியாது. செல்லா, நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா? இது ஒரு பையன், ஒரு ஆதவ் விஷயம் இல்ல. அடி யாருக்கோ பாத்திரம் அவருக்குன்னு சொல்லியிருக்கே. தீர்ப்பு எல்லா மேசைக்கும் போகும். கோயம்புத்தூர், ஐதராபாத், எல்லாக் கூடத்துக்கும். தாங்கி இருக்கிற ஒவ்வொரு மேசையிலயும் அவங்ககிட்டப் போய்க் கேக்கும்."

நான் இதை யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. ஒரு பையனின் பத்து விரல், அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. ஃபெலிக்ஸ் சொல்லித்தான் அதன் அளவு தெரிந்தது. தெரிந்ததும் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறியது. பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை.

"கூடத்தை மூடிடுவாங்கம்மா" என்றார். "தாங்கி வேலையே போயிடும். உன் வேலை, என் வேலை, எத்தன பிள்ளைங்க படிப்பு இதுல ஓடுது தெரியுமா? இவனை நான் மாத்தி விடறேன். வரவேற்புல உக்கார வைக்கிறேன், அடியே இல்லாத வேலை. உனக்கும் ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறேன். ஒரு வார்த்தை. வாபஸ்னு சொல்லு."

"இவன் எடத்துல யாரு உக்காருவா?"

அவர் சட்டைப் பையில் மாத்திரையைத் தேடினார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, அதுவும் கைதான்னு."

இசக்கி எழுந்து நின்றான். பட்டையைக் கழற்றி, துணியால் துடைத்து, மேசைமேல் வைத்தான். எப்போதும் போகும்போது செய்வது போலவே செய்தான். "அக்கா, எனக்காவ ஒண்ணும் செய்யாதிய. எனக்குத் திங்கக்கிழமை பரீட்சை, நான் போயிப் படிக்கேன். நீங்க உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க."

அவன் அப்படிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. யாருக்காகவும் இல்லாமல், எனக்காகவே ஒன்றைச் செய்கிற சந்தர்ப்பம் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

"மேசை கலைகிறது" என்றேன்.

விளக்கு அணைந்தது. ஃபெலிக்ஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். ஷெரின் தன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டினாள், வலிக்கிற மாதிரியே.

எங்கள் கதவு திறந்துதான் கிடந்தது. எதிர் அறையில் போர் நடந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரி ஒருத்தி, யாரோ மருத்துவரின் மனைவி, கையை ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தாள்: "என் தளபதி பின்வாங்க மாட்டா! வெட்டு, வெட்டு, வெட்டு!" அவளுக்குப் பின்னால் மஞ்சள் சுடிதார் போட்ட பெண். மாடிப்படியில் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். பெயர் கேட்டதில்லை. குரல்கூடக் கேட்டதில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த மேசையின் விளக்கு மஞ்சளானது.

"தீர்ப்பு மாறியிருக்கிறது" என்றது குரல். "துணை இருக்கையில் இருப்பவருக்கு. இந்தப் பாத்திரம் உங்களுடையது. ஏற்கிறீர்களா?"

மருத்துவர் மனைவியின் கை ஓங்கியபடியே நின்றது. அந்த அறையின் நடத்துநர் என்னை எட்டிப் பார்த்தான். மஞ்சள் சுடிதார்ப் பெண் கண்ணைத் திறந்தாள். யாரைக் கேட்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ம்" என்றாள்.

"உங்கள் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது?"

மணிக்கட்டிலிருந்து இடது கையை எடுத்தாள். மேசை காத்திருந்தது.

"வாளைக் கீழ போடுறா" என்றாள். "கை வலிக்குது."